எழுதுகிற பிள்ளைக்கு வீட்டிலே ஒரு மூலை

(தோட்ட வாசிகசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆறு நாள் மலையிலே நின்றவர்களுக்கு இருக்கிறது இந்த ஒரு நாள்தான். உடுப்புத் துவைக்கணும், விறகு பொறுக்கணும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கணும். அதையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எழுத ஆசைப்படுகிற பிள்ளைக்கு நாம் என்ன செய்து கொடுக்கலாம், அந்தப் பிள்ளை எழுதினது அச்சிலே வருவதற்கு என்ன வழி, அந்த வழியிலே யாரிடம் ஏமாறாமல் இருக்கணும், இதைத்தான் பேசப் போகிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு வரச்சொல்லி லயம் லயமாகப் போனேன். ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: “எழுதி என்னங்க சார் கெடைக்கும்?” அது தப்பான கேள்வி இல்லை. அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் நடுவிலே குடும்பம் நடத்துகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். காசு கிடைக்காது. இலங்கையிலே தமிழில் கதையும் கவிதையும் எழுதி, அதை வைத்து அடுப்பு எரித்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக்கூட ஆட்களைக் காட்டமுடியாது. நம்முடைய தெளிவத்தை ஜோசப் ஐயா பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். மலையக இலக்கியம் என்றால் முதலில் சொல்கிற பெயர்களில் ஒன்று. 2013இல் தமிழ்நாட்டிலே விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். 2022இல் காலமானார். அவரும் கொழும்பிலே கணக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். குறிஞ்சித் தென்னவன் தோட்டத் தொழிலாளியாகவே இருந்து கவிதை எழுதினவர். ஆகவே “எழுத்தாளராகப் போறேன், இனிப் படிக்கமாட்டேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், நானும் உங்களோடு சேர்ந்துதான் அதட்டுவேன்.

அப்போ எதுக்கு எழுதணும்? முதலாவது, எழுதப் பழகின கை எல்லாத்துக்கும் உதவும். சாதாரண தரப் பரீட்சையிலே தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் இல்லை. வரலாறு, சமயம், உயர்தரத்திலே அரசியல், புவியியல், எதை எடுத்தாலும் விடையைத் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் புள்ளி. பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், ஈ.பி.எஃப். காசு வரவில்லை என்று ஒரு முறைப்பாடு, அடையாள அட்டைக்கு ஒரு விண்ணப்பம் என்று வரும்போது இன்றைக்கும் நாம் யாரைத் தேடிப் போகிறோம்? டவுனிலே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவரை. அவர் எழுதிக் கொடுக்கிறதை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டு வருகிறோம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரிசு. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று புத்தகத்திலே இருக்கிறது. சரி. காட்டை வெட்டினது யார், கன்று நட்டது யார், அவங்க பெயர் என்ன? அது எழுதப்படவில்லை. துரைமார் நாட்குறிப்பு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், புத்தகம் எழுதினார்கள். நம்ம ஆட்கள் பாட்டாகப் பாடினார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கிறபோது பாடுகிற பாட்டு. பாடினவங்க போனதும் பாதிப் பாட்டு அவங்களோடேயே போய்விட்டது. 2023இல் நாம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் நடந்தது. நம்ம தோட்டத்திலிருந்தும் பார்க்கப் போனவங்க இருக்காங்க. அந்த 200 வருஷத்திலே உங்க கொள்ளுத் தாத்தா பெயரைச் சொல்லுங்க என்று கேட்டால் இந்த மண்டபத்திலே எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? நான் யாரையும் குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு கொப்பி இருக்கவில்லை, எழுத்தும் இருக்கவில்லை. இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கிறது.

எழுத்து நமக்குப் புதுசு என்றும் நினைக்கவேணாம். வெளியாட்களைத் தோட்டத்துக்குள்ளே விடாத காலத்திலே கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி உள்ளே வந்து நம்ம நிலைமையைப் பார்த்துவிட்டுப் போய்ப் பத்திரிகையிலே எழுதினார். 1920களிலே ‘தேசபக்தன்’ என்று பத்திரிகையே நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டிக் கூட்டங்களிலே பாடினார். பாடினதோடு விடாமல் சின்னப் புத்தகமாக அச்சடித்து மக்கள் கையிலே கொடுத்தார். நம்ம ஜனங்களுக்கு எதைக் கொடுத்தால் மனசிலே தங்கும் என்று தெரிந்த அம்மா அது. மடக்கும்புரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். அடுத்த வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பிறகு நம்ம வாக்கும் போனது. பாராளுமன்றத்திலே பேசுகிற வழி அடைபட்ட பிறகும் அவர் எழுத்தை விடவில்லை. ஆங்கிலத்திலே எழுதினார், தமிழிலே நாவல் எழுதினார், தோட்டம் தோட்டமாகப் போய் நம்ம பாட்டுகளைச் சேர்த்தார். இன்றைக்கு அந்தப் பாட்டுகளிலே கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

சரி, பழைய கதை போதும். பிள்ளைகளிடம் வருவோம்.

இந்த வாசிகசாலையிலே நாங்கள் சுவர்ப் பத்திரிகை தொடங்கினபோது பிள்ளைகளிடம் மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். பதினாலு பிள்ளைகள் எழுதினார்கள். பதினாலும் ஒரே கட்டுரைதான். மழை இயற்கையின் கொடை, மழையால் பயிர் செழிக்கும், விவசாயி மகிழ்வான். எல்லாம் பாடப்புத்தகத்து மழை. நம்ம ஊர் மழை இல்லை. நம்ம ஊரிலே ஆனி மாசம் மழை பிடித்தால் யாருக்கு மகிழ்ச்சி? படங்குச் சாக்குக்குள்ளே நனைந்துகொண்டு கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கா, மண்மேடு சரியுமோ என்று ராத்திரி கண் முழிக்கிற லயத்துக்கா?

கொப்பியைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒரு கேள்விதான் கேட்டேன்: “நேற்று ராத்திரி மழை பெய்ததே, அப்போ உங்க வீட்டிலே என்ன நடந்தது?” கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாமா எழுதறது என்கிற மாதிரி. பிறகு தரம் 8 படிக்கிற ஒரு பிள்ளை எழுதினாள். தகரம் ஒழுகுகிற ஆறு இடத்துக்கும் ஆறு பாத்திரம் வைப்பார்களாம். எந்த இடத்துக்கு எந்தப் பாத்திரம் என்று கணக்கு இருக்காம். சாமிப் படத்துக்குக் கிட்ட ஒழுகுகிற இடத்துக்குப் பித்தளைச் செம்புதான் வைக்கணும் என்று பாட்டி சொல்லுமாம். பாத்திரம் நிறைய நிறையச் சத்தம் மாறுமாம், அந்தச் சத்தத்தைக் கேட்டே எழும்பி ஊற்றவேண்டியது எது என்று படுத்தபடியே அம்மா சொல்லிவிடுமாம். அரைப் பக்கம்தான். அதைச் சுவரிலே ஒட்டினோம். டவுனிலிருந்து வந்த ஒரு உத்தியோகத்தர் அதை நின்று வாசித்துவிட்டு, “இது யார் எழுதினது?” என்று கேட்டார். மற்றப் பதிமூன்றையும் அவர் பார்க்கவே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. நம்ம விஷயம் எழுதக் கூடினது இல்லை என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காம்பரா, பீலி, பிரட்டு, கவ்வாத்து, செக்ரோல் என்கிற சொல்லை எழுதினால் வாத்தியார் சிரிப்பார் என்று பயப்படுகிறார்கள். சில வாத்தியார்மார் சிரிக்கத்தான் செய்கிறார்கள், அதுவும் உண்மை. பரீட்சைக் கட்டுரைக்குப் பரீட்சைத் தமிழ் வேணும்தான், அதைப் பழகட்டும். கதையிலே ஒரு பாட்டி பேசினால் பாட்டி பேசுகிற மாதிரிதான் பேசணும். இரண்டு தமிழும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது.

இப்போது வீட்டிலே என்ன செய்யலாம் என்று பார்ப்போம். எங்களுக்கே எழுத வாசிக்கத் தெரியாது, நாங்க எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது என்று சில தாய்மார் நினைப்பீர்கள். சொல்லிக் கொடுக்க வேணாம், கேட்டால் போதும். ராத்திரி ரொட்டி சுடுகிற நேரம் பிள்ளையைப் பக்கத்திலே உட்கார வைத்து, “என்ன எழுதினே, படி பார்ப்போம்” என்று சொல்லுங்க. படிக்கும்போது எந்த இடத்திலே உங்களுக்கு விளங்கவில்லையோ அந்த இடத்திலே நிற்பாட்டி, “இது விளங்கல்லையே” என்று சொல்லுங்க. அவ்வளவுதான். பத்திரிகைக் காரியாலயத்திலே ஆசிரியர் செய்கிற வேலையில் பாதி அதுதான். உங்களுக்கு விளங்காத இடம் வேறு ஆட்களுக்கும் விளங்காது. பிள்ளை அதைத் திருத்தி எழுதும். எழுத்திலே பிழை பார்க்க வாத்தியார் இருக்கிறார், கதையிலே பிழை பார்க்க உங்களுக்குத் தெரியும். “மாசி மாசத்திலே எங்கடா இப்படி மழை பேய்ஞ்சது?” என்று கேட்கிறதுக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கணுமா?

வீட்டிலே தாத்தா பாட்டி இருந்தால் அது பெரிய சொத்து. பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்க. பெரிய கங்காணி காலம், அரிசி பங்கு கொடுத்த காலம், எழுபதுகளிலே பஞ்சம் வந்து மாவுக்கு வரிசையிலே நின்ற காலம், ஒப்பந்தத்தின் கீழ் சொந்தக்காரர் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினபோது ரயில் ஸ்டேஷனிலே அழுதது. இதெல்லாம் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது. போனிலே பதிவு செய்து, பிறகு கொப்பியிலே எழுதட்டும். எழுதத் தெரியாது, என்ன எழுதறது என்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அதோடு ஒரு இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே தனி மேசை எங்கே போடுறது என்று கேட்பீங்க. மேசை கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, அல்லது சுவரிலே ஒரு பலகை. “இதிலே இருக்கிற கடதாசியை யாரும் எடுக்கப்படாது” என்று ஒரு சட்டம். தம்பி கிழித்து ராக்கெட் விடப்படாது, அடுப்புப் பற்ற வைக்கப்படாது, சுண்டல் சுற்றப்படாது. இது சிரிக்கிற விஷயம் இல்லைங்க. நல்லா எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, மூன்று மாசமாக எழுதின கொப்பி பழைய பேப்பர்காரனுக்குப் போன பிறகு எழுதவே இல்லை. முக்கியமாகப் பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்த இடம் தேவை. ஆம்பளப் பிள்ளை பின்னேரம் பந்து அடிக்கப் போகிறான். பொம்பளப் பிள்ளை தண்ணி எடுக்கணும், சின்னதுகளைப் பார்க்கணும், அம்மா மலையிலிருந்து வாறதுக்குள்ளே தேத்தண்ணி போடணும். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் அதுவே உதவிதான்.

வாசிக்காமல் எழுத வராது. நம்ம வாசிகசாலையிலே இருக்கிறது 200 புத்தகத்துக்கும் குறைவு, அதிலே பாதி பழைய பரீட்சை வினாத்தாள். டவுனிலே பிரதேச சபை நூலகம் இருக்கிறது, அங்கத்தவராகலாம். இன்னொரு வழி இப்போது கையிலேயே இருக்கிறது. 2005இலிருந்து நூலகம் என்கிற இணைய நூலகம் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. மலையகப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. டேட்டா போட்டு என்னென்னவோ பார்க்கிறோம், ஒரு நாள் இதையும் பார்க்கச் சொல்லுங்க. அதே போனிடம் “கட்டுரை எழுதிக் கொடு” என்று கேட்டால் எழுதிக் கொடுக்கிற காலமும் வந்துவிட்டது. பிள்ளைகளே, அது எழுதிக் கொடுக்கிறது அந்தப் பதிமூன்று கட்டுரை மாதிரித்தான் இருக்கும். செம்பு எந்த இடத்திலே வைக்கணும் என்று அதுக்கு உங்க பாட்டி சொல்லியிருக்காது.

சுவர்ப் பத்திரிகைக்குச் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பிரிஸ்டல் போர்ட், கொஞ்சம் டிமை தாள், பசை. மாசம் ஒன்று. எழுதின எல்லாப் பிள்ளையின் பெயரும் வரணும், சின்னப் பிள்ளை படம் கீறினால் அதுவும் ஒட்டணும். சிவப்புப் பேனையால் திருத்தினதை ஒட்டக்கூடாது. திருத்தணும் என்றால் முதலே பிள்ளையோடு உட்கார்ந்து திருத்தி, பிள்ளையே மறுபடி எழுதணும். மறுபடி எழுதச் சொன்னால் முகம் சுருங்கும். கவ்வாத்து வெட்டின மலையைப் பார்த்தால் நமக்கே மனசு கஷ்டமாகத்தான் இருக்கு, இருந்தாலும் வெட்டாமல் விட்டால் கொழுந்து வருமா? ஒரு வருஷம் சுவர்ப் பத்திரிகை நடந்த பிறகு, நல்லதாகத் தெரிந்தெடுத்து நூலாகக் கட்டி ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்யலாம். ஒரே பிரதிதான். வீடு வீடாகப் போய்த் திரும்பி வரும்.

இந்த இடத்திலே ஒரு சிக்கலைப் பேசியே ஆகணும். பிள்ளை உண்மையை எழுத ஆரம்பித்தால் சில உண்மை நமக்குப் பிடிக்காது. வேறொரு தோட்டத்திலே ஒரு பிள்ளை பீலித் தண்ணி அழுக்காக வருவதைப் பற்றிச் சுவர்ப் பத்திரிகையிலே எழுதினாள். யாரோ போய் ஒபிசிலே சொல்லிவிட்டார்கள். தகப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து கொப்பியைக் கிழித்துவிட்டார். அவர் பயந்தது நியாயம்தான். அப்படி நடக்கக்கூடாது என்றால் பத்திரிகை பிள்ளைகளுடைய பொறுப்பாக மட்டும் இருக்கக்கூடாது. பெற்றோரில் நாலைந்து பேர் குழுவாக இருந்து, ஒட்டுகிறதுக்கு முன்னே பார்க்கணும். விசாரணை வந்தால், “நாங்கதான் ஒட்டச் சொன்னோம்” என்று அந்தக் குழு சொல்லணும். தண்ணி அழுக்கு என்கிற முறைப்பாட்டை, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதமாக அனுப்பணும். அந்தத் தண்ணியிலே தம்பியைக் குளிப்பாட்டின கதையைப் பிள்ளை எழுதட்டும். ஆட்களுடைய பெயரைப் போடவேணாம். சொல்லுகிறது உண்மையாக இருக்கணும்.

இன்னொன்று, நம்ம வாசிகசாலையிலேயே நடந்தது. ஒரு பிள்ளை சம்பள நாள் ராத்திரியைப் பற்றி எழுதினாள். தவறணை, தாமதம், அம்மா வாசல்லே நிற்கிறது, எல்லாம் வந்துவிட்டது. கூட்டத்திலே வாசித்தாள். தகப்பனும் இருந்தார். எழும்பிப் போய்விட்டார். இரண்டு மாசம் பிள்ளையை இங்கே அனுப்பவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன், முதல் தடவை என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போனபோது சொன்னார்: “வரட்டும் சார். என்னையப் பத்தி எழுதப்படாது. மத்தபடி என்ன வேணும்னாலும் எழுதட்டும்.” பிள்ளை வந்தாள். அடுத்த மாசம் பக்கத்து லயத்து நாயைப் பற்றி எழுதினாள், ரொம்ப நல்லா எழுதினாள். அந்தத் தகப்பன் செய்தது எனக்குப் பெரிய காரியமாகத்தான் தெரிகிறது. பெயரைச் சொல்லமாட்டேன், இன்றைக்கும் வந்திருக்கிறார்.

இனி அச்சிலே வருகிற வழி. வாலிபப் பிள்ளைகள் கவனிங்க.

முதல் படி பத்திரிகை, சஞ்சிகை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின பத்திரிகைகள். நம்ம எழுத்தாளர்களில் அநேகம் பேர் அந்தப் பக்கங்களிலேதான் பிறந்தார்கள். 1960களிலே வீரகேசரியில் இருந்த எஸ். எம். கார்மேகம் தோட்டப் பக்கத்தை நடத்தி, மலையகப் பிள்ளைகளை எழுது எழுது என்று தூண்டினார். மலையகத்தாருக்கென்று சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று புத்தகமாக வந்தன. ஒரு பத்திரிகையிலே ஒரு மனுஷன் அக்கறையாக இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அது உதாரணம். சஞ்சிகை என்றால் டொமினிக் ஜீவாவைச் சொல்லணும். யாழ்ப்பாணத்திலே முடி திருத்தும் கடையிலே வேலை செய்தவர், பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம்தான். 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி 2012 வரைக்கும் நடத்தினார். பிரதிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்றார். மலையகத்து எழுத்துக்கும் அதிலே இடம் கொடுத்தார்.

அனுப்புகிற முறை இதுதான். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாயோ, அதை ஒரு மாசமாவது வாசி. சிறுவர் பக்கத்துக்கு என்ன போடுகிறார்கள், எத்தனை சொல் போடுகிறார்கள் என்று பார். கையால் எழுதினால் தாளின் ஒரு பக்கத்திலே மட்டும், இடம் விட்டு, தெளிவாக எழுது. போனிலே யுனிகோட்டில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பினால் இன்னும் நல்லது, அவர்களுக்கு மறுபடி தட்டுகிற வேலை இல்லை. உன் பெயர், விலாசம், பாடசாலை எழுது. புனைபெயர் வைத்தாலும் சொந்தப் பெயரைக் கீழே போடு. ஒரு பிரதி உன்னிடம் கட்டாயம் இருக்கணும். ஒன்றை ஒரே நேரத்திலே இரண்டு பத்திரிகைக்கு அனுப்பாதே. இரண்டு மூன்று மாசம் பொறு. வரவில்லை என்றால் மறுபடி படித்துப் பார்த்துத் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்பு. யாரோ எழுதினதைப் பார்த்து எழுதி உன் பெயரைப் போட்டு அனுப்பாதே. அகப்பட்டால், உன்னுடைய பெயர் மட்டும் இல்லை, இந்தத் தோட்டத்து விலாசத்தோடு வருகிற அடுத்த பிள்ளையின் கடிதத்தையும் சந்தேகமாகத்தான் பிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலே தமிழ்மொழித் தினப் போட்டி வரும்போது பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஓடுகிற மாதிரி எழுத்துப் போட்டிக்கும் பெயர் கொடுங்க. வலயம், மாகாணம் என்று மேலே போகலாம். பெற்றோரே, இதைப் பற்றி அதிபரிடம் நீங்களே போய்க் கேட்கலாம், வெட்கம் வேணாம்.

புத்தகத்துக்கு அவசரப்படக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதை 1960களின் தொடக்கத்திலே தினகரனில் வந்தது. கொழுந்து எடுக்கிற பிள்ளைகளை அவர்கள் பேச்சோடேயே காட்டின கதை, வந்த உடனேயே பேசப்பட்டது. அதே பெயரிலே அவருடைய புத்தகம் வந்தது 1980இல். கிட்டத்தட்ட இருபது வருஷம். அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை, அது நம்ம ஊரின் வறுமை. ஆனால் பதினேழு வயசிலே இருபது கவிதை எழுதிவிட்டுப் புத்தகம் போடணும் என்று அம்மாவின் தோட்டை அடகு வைக்கச் சொல்கிறது எந்த நியாயம்? அப்படி நடந்ததை எனக்குத் தெரியும். ஐந்நூறு பிரதி அடித்தார்கள். வெளியீட்டு விழாவிலே மாலையும் பொன்னாடையும் இருந்தது, முதற் பிரதி வாங்கின ஐயா நல்ல தொகை கொடுத்தார், அந்தத் தொகை மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது. நானூறுக்கு மேலே பிரதி கட்டிலுக்குக் கீழே ஈரத்திலே கிடக்கிறது. தோடு திரும்பவில்லை.

இதிலே பிழைப்பு நடத்துகிற ஆட்களும் உண்டு. “கவிதை அனுப்பு, தொகுப்பிலே போடுகிறோம், இவ்வளவு ரூபா கட்டு, சான்றிதழும் பட்டமும் தருகிறோம்” என்று போனுக்குச் செய்தி வரும். காசு கட்டின எல்லாருடைய கவிதையும் வருகிற தொகுப்பை யாரும் வாசிக்கமாட்டார்கள். கட்டாதீங்க. எழுதினதை வாங்கிப் போடுகிற பத்திரிகை உங்களிடம் காசு கேட்காது. அச்சுச் செலவு பங்கிடுகிறது என்றால், எத்தனை பிரதி, என்ன தாள், யார் விற்கிறது, மிச்சப் பிரதி யாருக்கு என்று எழுத்திலே வாங்கிக்கொள்ளணும்.

உரிமையைப் பற்றியும் தெரிந்து வையுங்க. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதினது எழுதினவருக்குச் சொந்தம். எங்கேயும் பதிவு செய்யவேண்டிய அவசியம் இல்லை. அவர் வாழ்கிற காலமும், இறந்து 70 வருஷமும் அந்த உரிமை நிற்கும். “எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே” என்கிற கடதாசியிலே வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. புத்தகத்துக்குப் பின்னே இருக்கிற ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பிலே உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. அது ஒரு அடையாள இலக்கம்தான், புத்தகம் தரமானது என்கிற முத்திரை இல்லை. அதை வாங்கித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்டால் சந்தேகப்படுங்க. நல்ல கையெழுத்துப் பிரதிகளைத் தெரிந்தெடுத்து வெளியிட உதவுகிற திட்டத்தையும் அந்தச் சபை நடத்தி வந்திருக்கிறது. அறிவித்தல் வருகிறதா என்று பத்திரிகையைப் பார்க்கணும், விண்ணப்பிக்க நான் உதவி செய்கிறேன்.

தனிப் புத்தகத்தைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொகுப்புப் போடுவது நம்ம கைக்கு அடக்கம். 1997இல் துரைவி பதிப்பகம் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று இரண்டு தொகுப்பு போட்டது. தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். பழைய பத்திரிகைகளிலே சிதறிக் கிடந்த கதைகள் அப்படித்தான் ஒரு இடத்துக்கு வந்தன. அதிலே ஒரு கதை மட்டும் எழுதினவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு கதையை இன்றைக்கும் தேடிப் படிக்கிறோம்.

நேரம் போய்விட்டது, மழையும் இருட்டுகிறது. இரண்டு காரியம் சொல்லி முடிக்கிறேன். சுவர்ப் பத்திரிகைக் குழுவுக்கு ஐந்து பெற்றோர் வேணும், அதிலே மூன்று பேராவது தாய்மாராக இருக்கணும். எழுத வாசிக்கத் தெரிந்திருக்கணும் என்று இல்லை. போகும்போது வாசல் மேசையிலே பெயர் கொடுங்க. அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஒரு சி.ஆர். கொப்பியோடும் பேனையோடும் அனுப்புங்க. கொப்பி வாங்க முடியாதவங்க வெறுங்கையோடு அனுப்பினாலும் பரவாயில்லை, இங்கே தாள் இருக்கிறது. ஆனால் அந்த வாரத்துக்குள்ளே வீட்டிலே ஒரு பெரியவரிடம், இந்த லயத்துக்கு முதல் முதல் குடிவந்தது யார் என்று கேட்டுக்கொண்டு வரணும். அதைத்தான் எழுதப் போகிறோம்.